லட்சுமியின் தொடர்கதையில் இல்லாமல் போன பக்கங்கள்: சிறுவயதில் நீங்கள் வாசித்த எழுத்தாளர் உங்களிடம் என்ன விட்டுச் சென்றார்?

சாட்ஸ்வொர்த் செவிலி எழுதிய கேள்வி:

அன்புள்ள வாசகர்களுக்கு வணக்கம். நான் 1958-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் பிறந்தவள். நகராட்சியில் கூலி வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. 1960-களில், இனப் பிரிவினை ஆட்சிக் காலத்தில், எங்களை அங்கிருந்து கிளப்பி நகருக்கு வெளியே சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து குடியேற்றியபோது வீட்டுச் சாமான்களில் பாதி வழியிலேயே உடைந்தும் தொலைந்தும் போயின. ஆனால் என் ஆயா, அதாவது பாட்டி, மடியில் வைத்துக்கொண்டு வந்த ஒரு காகிதக் கட்டு மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. வார இதழிலிருந்து வாரம் வாரமாகக் கிழித்தெடுத்த, எழுத்தாளர் லட்சுமியின் தொடர்கதை ஒன்றைக் கோணி ஊசியால் சாக்கு நூல் கொண்டு தைத்து, மாவுப் பையை வெட்டி அட்டை போட்ட கட்டு அது. துறைமுகத்தில் வேலை பார்த்த பெரியப்பாவுக்கு, பம்பாயிலிருந்து கப்பலில் வருகிறவர்கள் எப்போதாவது கொடுத்துவிட்டுப் போகும் இதழ்களைப் பெரியம்மா சேர்த்து வைத்துத் தைத்ததாக வீட்டில் சொல்வார்கள். 1946-ல் இந்தியா இந்த நாட்டோடு வணிகத் தொடர்பை முறித்துக்கொண்டதனால், அப்படிக் கைக்குக் கை மாறி வந்ததுதான் எங்களுக்குக் கிடைத்த வாசிப்பு.

ஆயாவுக்கு எழுத்து தெரியாது. பெரியம்மா காலமான பிறகு, கோயில் பாடசாலையில் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றிருந்த நான்தான், என்னுடைய பதினோராவது வயதிலிருந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை அவருக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். முதல் முறை வாசித்தபோது ஓரிடத்தில் எட்டுப் பக்கங்கள் இல்லை என்பதைக் கண்டேன். கதையின் நாயகி ஒரு பெரிய முடிவை எடுக்கும் வாரம் அது. என்ன முடிவு என்பது அடுத்த வாரப் பகுதியிலிருந்து தெரிந்துவிட்டது. அதை ஏன் எடுத்தாள் என்பது மட்டும் அந்த எட்டுப் பக்கங்களோடு போய்விட்டது. ஆயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். 'பக்கம் இல்லை' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருந்த பக்கத்தைப் பார்த்தபடியே, நானாக ஒரு காரணத்தை உண்டாக்கி, வாசிப்பது போலவே சொல்லிக்கொண்டு போனேன்.

அதன் பிறகு அந்தக் கட்டை நான்கு முறையாவது அவருக்கு வாசித்திருப்பேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் காரணம் கொஞ்சம் மாறியது. பதினொரு வயதில் நாயகி கோபத்தினால் அந்த முடிவை எடுத்தாள். பதினாறு வயதில் வாசித்தபோது அவளுக்குத் தனக்கென்று ஒரு வேலை இருந்தது, அதனால் எடுத்தாள். என்னைத் தையல் தொழிற்சாலைக்கு அனுப்புவதா, செவிலியர் பயிற்சிக்கு அனுப்புவதா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. பயிற்சிக்குத்தான் போவேன் என்று அப்பாவிடம் நான் சொன்ன சொற்களில் பாதி, ஆயாவுக்காக நாயகியின் வாயில் நான் வைத்த சொற்கள்தாம்.

இப்போது அந்த நாவல் புத்தகமாகக் கிடைக்கிறது என்று அறிந்தேன். வாங்கி அந்த எட்டுப் பக்கங்களைப் படித்துவிடலாம். ஆனாலும் கை தயங்குகிறது. சிறுவயதில் உங்களை ஆட்கொண்ட எழுத்தாளரிடம் நீங்கள் வளர்ந்த பிறகு திரும்பிப் போயிருக்கிறீர்களா? அவரிடமிருந்து உங்களுக்குள் தங்கியது அவர் எழுதியதுதானா, அல்லது நீங்களாக எழுதிக்கொண்டதா? பெண்கள் மட்டுமல்லாமல் எல்லாரும் பதில் எழுதலாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பாடசாலை ஆசிரியை:

அன்புத் தங்கைக்கு, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எனக்கு 77 வயது ஆகிறது. நாற்பது ஆண்டுகள் மாலை நேரப் பாடசாலையில் தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நானும் லட்சுமியைப் படித்து வளர்ந்தவள்தான். ஆகவே முதலில் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அது வரவில்லை. நீங்கள் சாட்ஸ்வொர்த்தில் உட்கார்ந்து ஆயாவுக்கு அந்தக் கதையை வாசித்த ஆண்டுகளில், அதை எழுதியவர் இதே நாட்டில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்.

திரிபுரசுந்தரி என்பது அவருடைய இயற்பெயர். 1921-ல் திருச்சி மாவட்டத்தில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, படிப்பைத் தொடரப் பணம் போதாமல் கதை எழுதத் தொடங்கினார். ஆனந்த விகடன் அவருக்கு இடம் கொடுத்தது. எழுதிச் சம்பாதித்த பணத்தில் மருத்துவரானவர் அவர். பிறகு கண்ணபிரான் என்ற தென்னாப்பிரிக்கத் தமிழரை மணந்து இங்கே வந்து, 1950-களின் நடுவிலிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே வாழ்ந்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். இந்த நாட்டுத் தமிழர் வாழ்வைத் தொட்டு எழுதிய 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1987-ல் காலமானார்.

இதை நான் தெரிந்துகொண்டபோது எனக்கு நாற்பது வயதைத் தாண்டியிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சென்னையில் ஏதோ ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்து அவர் எழுதுவதாக நான் கற்பனை செய்திருந்த காலத்தில், 'வெள்ளையருக்கு மட்டும்' என்று எழுதிய அதே பலகைகளைத்தான் அவரும் கடந்து நடந்திருக்கிறார். எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று நமக்கு வகுத்துக் கொடுத்த சட்டம்தான் அவருக்கும் இருந்திருக்கிறது. ஒரு முறையாவது ஏதாவது ஒரு கோயில் திருவிழாவில் அவர் என் பக்கத்தில் நின்றிருக்கக்கூடும் என்ற எண்ணம் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்குள் தங்கியவை அவருடைய கதைகள் அல்ல. பல நாவல்களின் கதைப்போக்கு எனக்கு ஒன்றோடொன்று குழம்பிவிட்டது. தங்கியது அவருடைய சொற்கள். நம் வீட்டுத் தமிழ் வட ஆற்காட்டிலிருந்தும் தென் ஆற்காட்டிலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் தமிழ். அதில் சோற்றுக்கும் சட்டிக்கும் சாமிக்கும் உறவுமுறைக்கும் சொல் இருந்தது, திட்டுவதற்கு ஏராளமாக இருந்தது. கோயிலுக்குப் போனால் தேவாரத் தமிழ் இருந்தது. ஆனால் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து தன் மனத்தில் என்ன நடக்கிறது என்று யோசிப்பதற்குரிய தமிழ் எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. அந்த இடத்துக்கு வந்ததும் நாங்கள் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவோம். லட்சுமியைப் படிக்கத் தொடங்கிய பிறகு நான் ஒரு கோடு போட்ட நோட்டில் சொற்களை எழுதி வைத்தேன். மனத்தாங்கல், ஆற்றாமை, சலிப்பு, குற்றவுணர்வு, ஏக்கம். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பொருள் எழுதாமல், அந்தச் சொல் எந்த நாளில் எனக்கு நேர்ந்தது என்று எழுதியிருக்கிறேன். 'ஆற்றாமை' என்பதற்கு எதிரே, என் தங்கையை மட்டும் உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பிய நாள் எழுதியிருக்கிறது.

1996-ல் நம் அரசியல் சட்டத்தில், மதித்துப் பேண வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழின் பெயரும் இடம் பெற்றது. அதை நான் வகுப்பில் எத்தனையோ முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு சிறுமி தமிழை வைத்துக்கொள்வதும் விட்டுவிடுவதும் சட்டத்தினால் நடப்பதில்லை, தங்கையே. தன்னைப் பற்றி யோசிக்க அது அவளுக்கு உதவினால் வைத்துக்கொள்வாள். ஆகவே அந்த எட்டுப் பக்கங்களைத் தயங்காமல் படியுங்கள். உங்களுக்குத் தமிழில் யோசிக்கக் கற்றுக் கொடுத்தவர் அந்த இடத்தில் எப்படி யோசித்தார் என்று பார்க்க வேண்டாமா?

ஜோகன்னஸ்பர்க் வாசகி:

அக்கா இருவருக்கும் வணக்கம். நான் திருச்சிப் பக்கத்திலிருந்து திருமணமாகி இங்கே வந்தவள். எனக்கு 52 வயது. லட்சுமி எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதனால் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் அவருடைய புத்தகங்கள் ஒரு தட்டு முழுவதும் இருந்தன. எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அந்தத் தட்டை இடமிருந்து வலமாகப் படித்து முடித்து, மறுபடியும் இடது கோடியிலிருந்து தொடங்கினேன். அதனால் நான் எழுதப்போவதை அவரை நேசிப்பவள் எழுதுவதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அவரிடமிருந்து எனக்குள் தங்கியவற்றில் நல்லதல்லாத ஒன்றும் இருந்தது. அவருடைய நாயகியர் பலர் பொறுத்துக்கொள்கிறவர்கள். படித்திருப்பார்கள், சுயமரியாதை உள்ளவர்களாக இருப்பார்கள், ஆனாலும் பொறுத்துக்கொள்வார்கள். கதை முடிவதற்குள் அந்தப் பொறுமையைச் சுற்றியிருப்பவர்கள் புரிந்துகொண்டுவிடுவார்கள். பதின்மூன்று வயதில் இதை நான் கதையாகப் படிக்கவில்லை. உலகத்தில் இப்படித்தான் நடக்கும் என்று எடுத்துக்கொண்டேன். என் முதல் பத்தாண்டு மணவாழ்க்கையில் பேச வேண்டிய இடங்களில் எல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அடுத்த அத்தியாயத்தில் புரிந்துகொள்வார்கள் என்று உண்மையாகவே நம்பிக் காத்திருந்தேன். வாழ்க்கையில் அப்படி ஓர் அத்தியாயம் தானாக வரவில்லை. முப்பத்தைந்து வயதில்தான் என் பேச்சை நானே பேசினேன். அதன் பிறகு நிலைமை மாறியது.

அந்தக் காலத்தில் அவர் மேல் எனக்கு வருத்தம் இருந்தது. ஊரிலிருந்து கொண்டு வந்திருந்த அவருடைய புத்தகங்களைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். பிறகு 'கதாசிரியையின் கதை' என்ற அவருடைய தன்வரலாற்றைப் படித்தபோதுதான் வேறொன்று புரிந்தது. 1940-களில் எழுதிச் சம்பாதித்து மருத்துவம் படித்த பெண், கடல் கடந்து ஒருவரை மணந்த பெண், அந்நிய நாட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்த பெண், தன் நாயகியருக்குக் கொடுத்ததைவிட அதிகத் துணிச்சலைத் தனக்கு வைத்துக்கொண்டிருந்தார். ஏன் அவர்களுக்கும் அதைக் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு என்னுடைய பதில் இதுதான்: வார இதழில் வரும் தொடர்கதையை வீட்டில் மாமியாரும் படிப்பார், மருமகளும் படிப்பாள். மாமியார் இதழை மூடி வைத்துவிட்டால் மருமகளுக்கு அடுத்த வாரம் கிடையாது. இருவரும் படிக்கும்படி எழுதிக்கொண்டே, மருமகளுக்கு மட்டும் கேட்கும்படி சிலவற்றை அவர் சொல்லி வைத்திருக்கிறார். பதின்மூன்று வயதில் எனக்கு மாமியாருக்குச் சொன்னது கேட்டது. ஐம்பதில் மற்றது கேட்கிறது.

செவிலி அக்கா, உங்களுக்கு ஒரு நன்மை நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நாயகி காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் உங்களுக்குப் பக்கம் இல்லாமல் போனது. எனக்கு எல்லாப் பக்கமும் இருந்தன, அதனால் நான் எதையும் சொல்லிப் பார்க்கவில்லை. அந்த நாவல் என் பெட்டியில் இருக்கும் என்றே நம்புகிறேன். பெயரைத் தனியாகத் தெரிவியுங்கள், அஞ்சலில் அனுப்பி வைக்கிறேன்.

டொங்காட் வாசகர்:

சகோதரிகளுக்கு வணக்கம். ஆண்களும் எழுதலாம் என்றதனால் சுருக்கமாக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் படிக்கிறவர் அம்மாதான். லட்சுமியின் 'பெண்மனம்' நாவலை அவர் எத்தனை முறை படித்திருப்பார் என்று கணக்கில்லை. அதுதான் 1963-ல் 'இருவர் உள்ளம்' என்று படமாக வந்தது. டர்பன் கிரே தெருப் பக்கம் இருந்த ஒரு கொட்டகையில் அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அரங்கமே சிவாஜியையும் சரோஜாதேவியையும் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா மெல்லிய குரலில், "இது புஸ்தகத்துல வேற மாதிரி" என்று எனக்கு மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். கரும்பு ஆலைத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்து, நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர், இத்தனை பேர் பார்க்கும் ஒன்றைப் பற்றித் தனக்கென்று ஒரு கருத்து வைத்திருந்தார். அப்பா எதைச் சொன்னாலும் மறுபேச்சுப் பேசாதவரிடம் அப்படி ஒரு குரல் இருந்தது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஜோகன்னஸ்பர்க் சகோதரி சொன்ன அந்த மருமகள் என் அம்மாதான் என்று தோன்றுகிறது. அம்மா போன பிறகு புத்தகத்தை நான் வைத்திருக்கிறேன். எனக்குத் தமிழ் வாசிக்க மெதுவாகத்தான் வரும். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று படிக்கிறேன்.

சாட்ஸ்வொர்த் செவிலி:

மூவருக்கும் நன்றி. பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா சொன்ன செய்தியைப் படித்துவிட்டு, மாவுப் பை அட்டை போட்ட அந்தக் கட்டை அலமாரியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் மருத்துவர் என்பது இதழில் அவர் பெயருக்கு அருகில் இருந்த குறிப்பிலிருந்து எனக்குச் சிறுவயதிலேயே தெரியும். தமிழில் கதை எழுதும் ஒருத்தி நாடி பிடித்தும் பார்ப்பாள் என்பதுதான் என்னை மருத்துவமனைப் பக்கம் திருப்பியது. ஆனால் அவர் இந்த நாட்டில் இருந்தார் என்பதை என் 67-வது வயதில் உங்கள் மூலம் அறிகிறேன். ஆயாவுக்குச் சொல்ல முடியவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

அக்கா எழுதிய சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1980-களில் நான் பெண்கள் வார்டில் இரவுப் பணி பார்த்தபோது, தோட்டத்துப் பக்கத்திலிருந்து வந்த வயதான தாய்மார் மருத்துவர் கேட்டால் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டுவார்கள். இரவு விளக்கைக் குறைத்த பிறகு நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "வலி எங்கே?" என்று கேட்காமல், "மனசுக்கு என்னம்மா சலிப்பு?" என்று கேட்பேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர்கள் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு தாய், மகன் தன்னை வந்து பார்க்காததை விடியும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. அந்தச் சொல்லை எனக்குக் கொடுத்தவர் யார் என்று அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஜோகன்னஸ்பர்க் தங்கைக்கு: நீங்கள் பட்டதை மறைக்காமல் எழுதியது எனக்கு மிகவும் தேவையாக இருந்தது. ஆயாவுக்காக நான் உண்டாக்கிய காரணங்களை நேற்று வரிசையாக நினைத்துப் பார்த்தேன். அவற்றில் ஒன்றில்கூட நாயகி பொறுத்துக்கொள்ளவில்லை. அது என் துணிச்சலா, அல்லது முன்னும் பின்னும் இருந்த பக்கங்களில் லட்சுமி எனக்குக் கேட்கும்படி சொல்லி வைத்ததா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஒவ்வொரு முறை அந்த இடம் முடிந்ததும் ஆயா, "அப்படிக் கேளுடீ" என்று கதாநாயகியைப் பார்த்துச் சொல்வார். அவர் அதை யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை, அவளுக்கு மட்டும்தான் சொன்னார்.

நாவலின் பெயரைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். புத்தகம் வந்ததும் அந்த எட்டுப் பக்கங்களை நான் தனியாகப் படிக்கப் போவதில்லை. என் மகளின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. தமிழைக் கேட்டால் புரிந்துகொள்வாள், எழுத்து இப்போதுதான் கற்கிறாள். வருகிற சனிக்கிழமையிலிருந்து பழைய கட்டை முதலிலிருந்து அவளுக்கு வாசிக்கிறேன். அந்த இடம் வரும்போது, அவள் ஏன் அப்படி முடிவெடுத்தாள் என்று பேத்தியை முதலில் சொல்லச் சொல்வேன், பிறகு ஆயாவுக்கு நான் சொன்னதைச் சொல்வேன், அதன் பிறகு புத்தகத்தைத் திறப்போம். ஓரங்கள் உதிர்வதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் கண்ணாடித் தாள் உறை வாங்கி வைத்திருக்கிறேன்; சாக்கு நூலை மட்டும் அறுக்க மனமில்லாமல், ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.